ஒன்பதாவது வரிசை

வொர்க்கிங்டன், குத்துச்சண்டைக் கழகம், பின்கதவு.
பிப்ரவரி. கடல் பக்கமிருந்து
மழை படுத்தபடி வருகிறது.

படிவத்தின் தலையில் எழுதுகிறேன்.
பலகையின் பெயர்: டி.பி. ஒன்று.
இருக்குமிடம்: படிக்கட்டுக்கு அடியில்,
வாளிக்கும் கிழிந்த கையுறை மூட்டைக்கும் நடுவில்.
அவ்வளவுக்கும் இடமில்லை.
படிக்கட்டின் கீழ். போதும்.

பன்னிரண்டு சுற்றுகள், பன்னிரண்டு வரிசைகள்,
வரிசைக்கு இருபது சொச்சம் கட்டங்கள்,
ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகம் அகலம்.
இதை வரைந்தவர்
குளிரில் முட்டி போட்டு எழுதியவராக இருக்க முடியாது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டேன்.
சாவிக்காரர் எல்வின் டாட் கூடத்து இருட்டில்
மேடை விளிம்பில் உட்கார்ந்து
போன் வெளிச்சத்தில் சாண்ட்விச் தின்கிறார்.
"அஞ்சு மணிக்குப் பசங்க வந்துடுவாங்க."
மூன்றாவது முறையாகச் சொல்கிறார்.

முதல் வரிசை, கீழ்த்தள பிளக்குகள், வளையச் சுற்று:
0.62, 0.63, 1.04.
நிஜ எண்கள் இப்படித்தான்,
அண்ணன் தம்பி ஜாடை இருக்கும்,
அச்சு அசல் இருக்காது.

ஆறாவதில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: டெரெக்.
"யார் டெரெக்?"
"செத்து எட்டு வருஷம் ஆச்சு."
கம்பி பிடித்துப் போனால் சமையலறை,
டீ கொதிக்கும் பாத்திரம்.
டெரெக்கை அடித்துவிட்டு
தேநீர் என்று எழுதினேன்.
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஒன்பது. உடைமாற்றும் அறை, ஷவர்.
கருவி யோசித்தது.
பிறகு எண்ணைக் காட்டாமல்
அளவு தாண்டிய குறியைக் காட்டியது.
முனையைச் சுரண்டி, மறுபடி வைத்தேன். அதே குறி.
மூடியைக் கழற்றினேன்.
பச்சை மஞ்சள் உறைக்குள்
எர்த் கம்பி முறிந்து கிடந்தது.
முறிந்த முனை கறுத்திருந்தது.
நேற்று முறிந்தது கறுக்காது.

எந்த மடையன் இதைப் பாஸ் செய்தான்?
அலமாரிக் கதவில், பிளாஸ்டிக் உறைக்குள்,
ஐந்து வருஷத்துக்கு முந்தைய படிவம்.
0.31. 0.31. 0.31.
மேலிருந்து கீழே ஒரே முகம்.
கசிவு முறிப்பான் விழும் நேரம்: 18, 18, 18.
ஏட்டிலேயே காய்த்த சுரைக்காய்கள்.
ஒன்பதிலும் 0.31.
அடியில் கையெழுத்து,
கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தது.
அந்த வாலை எனக்குத் தெரியும்.
ரோவீனா மௌன்ஸி.
நான்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல ஆசை.
பிள்ளை இல்லை.
வெள்ளிக்கிழமை, கார்லைலில் சோபா தள்ளுபடி,
ஆறு மணிக்குக் கடையை மூடிவிடுவார்கள்.
சோபா இன்னும் இருக்கிறது.
நல்ல சோபா.

ஐந்து வருஷம், வாரம் மூன்று மாலை,
வியர்வையும் மூக்கு ரத்தமுமாக எத்தனை பையன்கள்,
ஈரக் கை, வெந்நீர்.
பெருக்கிப் பார்க்கவில்லை.
அந்தத் தொகைக்குப் படிவத்தில் கட்டமில்லை.

எழுதினேன்:
எர்த் தொடர்ச்சி இல்லை. உயிருக்கு ஆபத்து. உடனே.
பேனா மை குளிரில் திக்கியது,
'உடனே'யை இரண்டு தடவை எழுத வேண்டியதாயிற்று.
முந்தைய அறிக்கை பற்றிய குறிப்பு
என்ற இடத்தை எல்லோரும் காலியாக விடுவார்கள்.
நானும் விட்டிருக்கிறேன்.
அதில்: பொய். அளக்காமல் எழுதியது.
எழுதியவர், என் பெயர்.

ஒன்பதைப் பூட்டி
சாவியைச் சட்டைப்பையில் போடும்போது எல்வின் வந்தார்.
"லைட்டு?"
"வரும். ஷவர் வராது."
"பசங்க நாறுவானுங்களே."
"நாறட்டும்."
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
காகிதத்தைக் கேட்கவில்லை.
நாளை கேட்பார். கழகம் கேட்கும்.
என் உரிமத்தையும் கேட்கலாம்.

பத்து காலி. பதினொன்று காலி.
பன்னிரண்டு, வாசல் விளக்கு.
வெளியே சைக்கிள்கள் சாய்க்கும் சத்தம்,
யாரோ கதவை உதைக்கிறான்.
அளக்கிறேன். 0.87.
கிளிப்பை எடுத்து மறுபடி மாட்டுகிறேன். 0.88.
கதவு மறுபடி அதிர்கிறது.
0.88 என்று எழுதுகிறேன்.